கோட்டூர் பஸ் வரட்டும்

கோட்டூர் பஸ் வரட்டும், வந்ததும் போட்டுரலாம் என்று பக்கிரிசாமி வாசலிலிருந்து குரல் கொடுத்தபோது தையல்நாயகிக்கு எரிச்சல் வரவில்லை. பஸ் வராமலே போனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்றுதான் தோன்றியது. படம் பார்க்கவா வந்தாள், உட்காரத்தானே வந்தாள். மீனலோசனி டாக்கீஸின் நாற்காலி ஒன்றும் பெரிய நாற்காலி இல்லை, ரெக்சின் கிழிந்து உள்ளே இருந்த நார் தெரிந்தது, சாய்ந்தால் முனகியது, ஆனாலும் உட்கார்ந்த முதல் நிமிஷத்தில் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் ஏதோ ஒன்று மெல்ல இறங்கித் தரைக்குள் போவது போல இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் புதன்கிழமைக்குப் புதன்கிழமை வருகிறாள். கடையில் அவள் சேலை செக்‌ஷன். காலையில் போய் நின்றால் கடை சாத்துகிற வரைக்கும் நிற்பதுதான் வேலை. உட்கார ஸ்டூல் போடச் சொல்லிச் சட்டம் வந்துவிட்டதாம், ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், அதில் யாராவது உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், அதனால் அந்த ஸ்டூலில் கஸ்டமரின் கட்டைப்பைதான் உட்கார்ந்திருக்கும். இதே கலர்ல வேற பார்டர் இருக்கா, இதே பார்டர்ல வேற கலர் இருக்கா, விரி, மடி, விரி, மடி. இப்போதுகூட மடியில் கிடந்த முந்தானையை விரல்கள் தாமாக நான்காக மடித்துக்கொண்டிருந்தன. பார்த்துவிட்டு நிறுத்தினாள். ஹாலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தால் அதிகம். பக்கவாட்டுச் சுவரில் மின்விசிறிகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. பக்கிரிசாமிக்கு இது தொழிலா பைத்தியமா என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மற்ற தியேட்டர்களில் வெள்ளிக்கிழமை வருகிற புதுப்படத்தை இவர் போடுவதில்லை. யாரோ பெயர் தெரியாதவர்கள் எடுத்து எங்கேயும் ஓடாமல் போன படம், எப்போதோ வந்து எல்லாரும் மறந்துபோன படம், தனக்குப் பிடித்திருந்தால் போடுவார். முடிந்து வெளியே வருகிறவர்களை வாசலில் நிறுத்தி எப்படி இருந்திச்சு என்று கேட்பார். நல்லா இல்லை என்று சொன்னால் முகம் வாடிப்போகும். அவர் சம்சாரம் கண்ணாம்பாள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அதே கையோடு டீ போடப் போய்விடுவாள். கோட்டூர் பஸ்ஸில் வருகிறவர்கள் நாலு பேரோ ஐந்து பேரோ, அவர்களுக்காகப் படம் காத்திருக்கும். உலகத்தில் எந்த தியேட்டரில் இப்படி நடக்கும் என்று முதல் தடவை அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு போய், யாருக்காகவோ ஒன்று காத்திருக்கிறதே என்று வேறு ஏதோ வந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை.

பஸ் வந்துவிட்டது போலிருக்கிறது, வாசலில் பேச்சுக்குரல் கேட்டது, பக்கிரிசாமி விளக்கை அணைத்துவிட்டார். பஸ்காரர்கள் இருட்டுக்குள்தான் வருவார்கள், கண்ணாம்பாள் டார்ச் அடித்து இடம் காட்டுவாள். தையல்நாயகி தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள். அவளுடைய ஊரும் கோட்டூர் ரோட்டில்தான் இருக்கிறது, அந்த பஸ்ஸில் தெரிந்த முகம் ஏதாவது வந்து தொலைத்தால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வாரமும் இந்த இடத்தில் ஒரு சின்ன பயம் வரும், அதனால்தான் கடைசி வரிசையில் மூலை. வீட்டில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிற்கிறவர்களுக்குப் புதன் மத்தியானத்துக்கு மேல் விடுப்பு என்று ஆடி முடிந்ததும் கடையில் மாற்றினார்கள். அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள், மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கின இடம் மீனலோசனி. மழை விட்டபோது உள்ளே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சொல்லவில்லை, அடுத்த வாரம் சொல்ல முடியவில்லை, அதற்கு அடுத்த வாரம் சொன்னால் இத்தனை நாள் எங்கே போனாய் என்கிற கேள்வி வரும், இப்போது அது சொல்லவே முடியாத ஒன்றாகிவிட்டது. தப்பா இது. தப்பு என்றுதான் தோன்றுகிறது, ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று விரல் வைக்கப் பார்த்தால் அந்த இடம் நழுவுகிறது. புருஷன் உத்திராபதி பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டினவன், அறுவடை சமயத்தில் வீட்டுக்கே வரமாட்டான், மெஷின் மேலேயே தூங்கி மெஷின் மேலேயே சாப்பிடுவான், கீழே இறங்கினால் பூமி ஆடாமல் நிற்கிறதே என்று சிரிப்பான். இப்போது இடது கை மட்டும்தான் சொன்ன பேச்சு கேட்கிறது. பேச்சு வருகிறது, வாய் கோணிக்கொண்டு பாதிப் பாதியாக வருகிறது. அது அவனுக்கே பிடிக்கவில்லை, அதனால் கூப்பிடுவதில்லை. எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டுவான். டங். தண்ணீர். டங் டங். புரட்டிப் படுக்கவைக்கணும். ராத்திரி பூராவும் அவளுக்கு ஒரு காது அந்தச் சத்தத்துக்காகவே விழித்திருக்கும். கடையில் யாராவது வளையலை மேஜையில் தட்டினால் திரும்பிப் பார்ப்பாள். பகலில் மாமா பார்த்துக்கொள்கிறார், வைரக்கண்ணு மாமா, உத்திராபதியின் அப்பா, எழுபது தாண்டியும் ஆள் திடமாக இருக்கிறார், மகனைத் தூக்கி உட்காரவைக்கிற தெம்பு இருக்கிறது. இவளுடைய மகள் திருப்பூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள், அவளைக் கூப்பிட முடியாது. காலையும் ராத்திரியும் இவள், பகல் முழுக்க மாமா. மாமாவுக்கு மட்டும் விடுப்பு உண்டா? யாரும் கேட்கவில்லை.

படத்தில் ஒருத்தன் நடந்துகொண்டே இருந்தான். ஏதோ மலையூர், எப்போதும் தூறல், கையில் குடையை வைத்துக்கொண்டு அதைப் பிரிக்காமலே நடக்கிறான். வீட்டை விட்டுப் போன அண்ணனைத் தேடுகிறானாம். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி இந்த மாதிரி ஒருத்தர் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்கிறான், உள்ளே இருக்கிறவர்கள் உட்காருங்க என்கிறார்கள், இவன் உட்காரமாட்டேன் என்கிறான். உட்காரேண்டா என்று இவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. நாலு வரிசைக்கு முன்னால் யாரோ அதையே சத்தமாகச் சொன்னார்கள், "செத்த உக்காருப்பா, காலு கடுக்கப் போவுது", ஹாலில் சின்னதாகச் சிரிப்பு எழுந்தது. இதற்காகவும்தான் இங்கே வருவது. வீட்டில் டிவி ஓடத்தான் செய்கிறது, அதைப் பார்த்து யாரும் பேசுவதில்லை. தூறல் விழுகிற சத்தம் நன்றாக இருந்தது, கண் சொருகியது, சேலைகள் யாரும் மடிக்காமல் தாமாகவே மடிந்துகொண்டு அடுக்கில் போய் உட்கார்ந்தன, மெஷின் மேல் உத்திராபதி நின்றுகொண்டு கையசைத்தான், எந்தக் கை அது, இடதா வலதா என்று பார்ப்பதற்குள் யாரோ இருமினார்கள். அவள் கண் திறந்தது. இருமல் நின்றது. தொண்டையைச் செருமி, இன்னொரு தரம் செருமி, கடைசியில் எல்லாம் சரியாகிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி நீளமாக ஒரு 'ம்'. அந்த 'ம்' அவளுக்குத் தெரியும். விடியற்காலையில் வாசல் பக்கமிருந்து அந்த 'ம்' வந்ததும்தான் அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். உடம்பில் எதுவும் அசையவில்லை, கண் மட்டும் தேடியது. திரையில் மலையூரில் பொழுது விடிந்தபோது அந்த வெளிச்சம் ஹாலுக்குள்ளும் விழுந்தது. நாலு வரிசைக்கு முன்னால் வழுக்கைத் தலை, கழுத்தைச் சுற்றிக் காசித்துண்டு. இடது காது மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளி நிற்கும், உத்திராபதிக்கும் அப்படித்தான். மாமா. உட்காரச் சொன்ன குரலும் அவருடையதுதான், அப்போது எப்படித் தெரியாமல் போயிற்று, அவர் சத்தமாகப் பேசியே அவள் கேட்டதில்லையே, அதனால்தான். முதலில் வந்தது வெட்கம், பார்த்துவிடுவாரே என்று. அந்த வெட்கம் முடிவதற்குள் இன்னொன்று பின்னாலிருந்து வந்து அதைத் தள்ளிவிட்டது. மாமா இங்கே என்றால் வீட்டில் யார்.

யாரும் இல்லை. இருக்க முடியாது. எழுந்திரு என்று ஒரு குரல் சொன்னது, எழுந்து போய் அவர் தோளைத் தட்டிக் கேள், இல்லை, நேரே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடு. அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டுத் தட்டிக்கொண்டிருப்பான், தட்டித் தட்டி டம்ளர் கை நழுவிக் கீழே விழுந்திருக்கும், அதை எடுக்க எட்டியிருப்பான், எட்டினால் கட்டிலோரம், ஐயோ அந்தக் கட்டிலுக்குத் தடுப்பு வாங்கணும் வாங்கணும் என்று எத்தனை நாளாகச் சொல்கிறோம். அவன் கழுத்தில் போன் தொங்குகிறது, பட்டன் போன், கூப்பிட்டால் தெரிந்துவிடும். அவள் பையிலிருந்து போனை எடுத்தாள், முந்தானைக்குள் வைத்துப் பெயரைத் தேடினாள், பெயர் வந்தது, விரல் அதன் மேல் நின்றது. அழுத்தவில்லை. இங்கிருந்து பேசினால் படத்துச் சத்தம் கேட்கும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள், காரணம் அது இல்லை. மணி அடித்து அடித்து எடுக்காமல் போனால். அதுதான் காரணம். அதுவும் முழுசாக இல்லை. போன மாசம் கடையில் இருக்கும்போது பக்கத்து வீட்டு ரீத்தம்மாள் கூப்பிட்டாள், ரீத்தம்மாள் ஒருநாளும் போன் செய்கிறவள் இல்லை, போன் திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் எடுப்பதற்கு முன்னால் ஒரு கண்ணிமைப்பு, வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அப்போது பயம் வந்திருக்கவேண்டும், அழுகை வந்திருக்கவேண்டும். வந்தது வேறு. இந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நிமிஷத்தில் இடுப்பிலிருந்து இறங்கித் தரைக்குள் போகுமே, அது. அதுவேதான். ரீத்தம்மாள் கடையில் நைட்டிக்குத் தள்ளுபடி உண்டா என்று கேட்டாள். உண்டுக்கா, இன்னும் ரெண்டு நாள் இருக்கு என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். அதை அன்றைக்கே மடித்து எங்கோ அடியில் வைத்துவிட்டாள், இப்போது யாரோ வந்து அடியிலிருந்தே உருவுகிறார்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே அவன் தனியாக இருக்கிறான், தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன், கால் வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறேனா, போய்ப் பார்க்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேனா, வேறு எதற்காகவாவது உட்கார்ந்திருக்கிறேனா. திரையில் அவன் இன்னொரு கதவைத் தட்டினான். கதவு திறக்கவில்லை. விளக்குகள் எரிந்தன, இடைவேளை.

மாமா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வராந்தாவுக்குப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் மூலையிலேயே ஒடுங்கி இருந்துவிடலாம், படம் முடிந்ததும் பின்பக்கமாகப் போய்விடலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் எழுந்தாள். வராந்தாவில் கண்ணாம்பாள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், மாமா கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பினார், நேருக்கு நேராக அவள் நின்றாள்.

"கடையில எதுக்கும் அனுப்புனாங்களாம்மா" என்றார், அவளுக்காக அவரே ஒரு பொய்யைத் தேடி எடுத்துக் கொடுப்பது போல.

"வீட்ல யாரு மாமா இருக்கா?"

"யாருமில்ல."

அவர் ஓரமாக வந்தார், குரலை இறக்கினார்.

"அவன்தாம்மா போகச் சொன்னான். நானா கெளம்பல. போன மாசம் ஒருநாள் டம்ளரப் போட்டுத் தட்டு தட்டுன்னு தட்டுறான். என்னடா வேணும், தண்ணியா, திருப்பி விடணுமான்னு ஒண்ணொண்ணாக் கேக்குறேன். எதுவும் இல்லங்கிறான். பெறவு சொன்னான், எங்கயாச்சும் போங்கப்பா, செத்த நேரம் யார் மொகத்தையும் பாக்காம இருக்கணும்னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. வாசப்பக்கம் போயி உக்காந்தேன். அங்கயும் இருக்கக்கூடாதாம். நீங்க அங்க உக்காந்திருக்கிறது இங்க தெரியுதுங்கிறான்."

"நீங்க பாட்டுக்கு விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ரீத்தம்மாகிட்ட சாவி இருக்கு. தண்ணி பாட்டில கைக்கிட்ட கட்டி வச்சிருக்கேன். அந்தப் பக்கம் பெஞ்ச அணை குடுத்திருக்கேன். போன் இருக்கு. படம் பாதியில ஒரு தரம் அடிச்சுக் கேப்பேன், உசுரோடதான் இருக்கேன் போன வைங்கம்பான்." டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "எனக்கும் எங்கயும் போக எடமில்ல. பஸ்ஸுல ஏறுனேன். கண்டக்டர் இங்க எறக்கி விட்டுட்டான். பெறவு தோணுற நாள்ல வர்றது, புதன்ல இன்னிக்குத்தான் மொதத் தடவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவன்தான் வேணாம்னான். சொன்னா நீ கடைய விட்டுட்டு வந்து பக்கத்துலயே உக்காந்துருவியாம்."

பக்கத்துலயே உக்காந்துருவியாம். அது அவளுக்குள் எங்கோ போய்த் தைத்தது, கோபமா என்று பார்த்தாள், கோபமும் இருந்தது, ராத்திரி ராத்திரியாக ஒரு காதை விழிக்கவைத்துக்கொண்டு கிடக்கிறேனே, என் முகத்தைப் பார்க்காமல் இருக்கணுமா உனக்கு. ஆனால் கோபம் கொஞ்சதூரம் போய் நின்றுவிட்டது. அவன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்குத்தானே அவளும் இங்கே வந்திருக்கிறாள். அந்தக் கட்டிலிலிருந்து இறங்கி பஸ் பிடிக்க முடியாதவன் வேறு என்ன செய்வான், மற்றவர்களைத்தான் வெளியே அனுப்புவான். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பது அவன் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவனோ எங்கள் இரண்டு பேரையும் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், அலுத்துப்போயிருக்கிறான். அவள் போனை எடுத்துப் பெயரை அழுத்தினாள். மணி அடித்தது. இன்னொரு தரம் அடித்தது. மாமா டீயையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் மூச்சு.

"என்ன?" என்றான் உத்திராபதி. அந்த ஒரு சொல் மட்டும் அவனுக்குக் கோணாமல் வரும்.

"சும்மாதான்."

"கடைல... கூட்டமில்லியா?"

"இல்ல. மாமா எங்க?"

"பின்னாடி... மாட்டுக்குத் தண்ணி வக்கிறாரு."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. வை."

வைத்துவிட்டான். அவர்களிடம் மாடு இல்லை, விற்று ஒரு வருஷம் ஆகிறது. அவசரத்தில் அதுதான் அகப்பட்டிருக்கிறது அவனுக்கு. தையல்நாயகிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகம் ஒருமாதிரி கோணிக்கொண்டது. என்ன சொன்னான் என்று மாமா கண்ணாலேயே கேட்டார். நல்லாத்தான் இருக்காங்க என்றாள். உள்ளே மணி அடித்தது. அவர் பக்கத்தில் வந்து உட்காருவாரா, முன்னால் வா என்று கூப்பிடுவாரா என்று ஒரு சங்கடம் வந்தது, இரண்டும் நடக்கவில்லை. அவர் தன்னுடைய வரிசைக்குப் போனார், இவள் தன்னுடைய மூலைக்கு வந்தாள். விளக்கு அணைந்தது. மலையூரில் தூறல் இன்னும் விட்டபாடில்லை. டங் என்று எங்கும் கேட்கிறதா என்று காது ஒரு தரம் தேடிப் பார்த்தது. இல்லை. அந்த வீட்டில் இப்போது டம்ளர் சும்மா கிடக்கும், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவன் பாட்டுக்கு எதையோ நினைத்துக்கொண்டிருப்பான், அவன் நினைப்பில் நான் இருக்கவேண்டாம், மாமா இருக்கவேண்டாம், மெஷின் இருக்கட்டும், அறுத்த வயல் இருக்கட்டும், ராத்திரி வயலில் அந்தப் பெரிய லைட்டைப் போட்டுக்கொண்டு போவானே அந்த வெளிச்சத்தில் பறக்கிற பூச்சி இருக்கட்டும், அவன் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும், யாரும் உள்ளே போய்ப் பார்க்கவேண்டாம், யாரும் யாரையும் செத்த நேரம் பார்க்கவேண்டாம், குடை வைத்திருக்கிறவன் நடந்துகொண்டே இருக்கட்டும்.

யாரோ கூட்டுகிற சத்தம் கேட்டது. ஹால் முழுக்க வெளிச்சம். கண்ணாம்பாள் கடலைத் தோலை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு அவளுடைய வரிசையை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். நடைபாதையில் மாமா நின்றுகொண்டிருந்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி.

"முடிஞ்சிருச்சா மாமா?"

"முடிஞ்சு நேரமாச்சு. நல்லா அசந்துட்ட. எழுப்ப மனசு வரல."

எழுந்து தலையைக் கோதிக்கொண்டாள். வாசலில் பக்கிரிசாமி பிடித்துக்கொள்வார், எப்படி இருந்திச்சு என்று. "அண்ணன் கெடச்சானா?"

"கெடச்சான். வரமாட்டேன்னுட்டான்."

"பெறவு?"

"பெறவு என்ன, ரெண்டு பேருமா ஒக்காந்து சாப்புட்டாங்க. இவன் கெளம்பி வந்துட்டான்." யோசித்துவிட்டுச் சொன்னார். "நல்லாத்தான் எடுத்திருக்கான்."

பக்கிரிசாமியிடம் மாமாவே நல்லா இருந்திச்சு என்று சொல்லிவிட்டார். வெளியே வெயில் சாய்ந்திருந்தது. எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிற இடம். இரண்டு பேரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

"நான் இதுல போறேம்மா. நீ எப்பவும் வர்ற பஸ்ஸுலயே வா. முன்னாடி வந்தா அவனுக்குத் தெரிஞ்சுபோயிரும்."

"சரிங்க மாமா."

அவர் ரோட்டைப் பார்த்தார், பஸ் வருகிற திசையில் இல்லை, சும்மா எதிரே இருந்த உரக்கடைப் பக்கம். "புதன்கெழம உனக்கு இருக்கட்டும். நான் வெள்ளிக்கெழம வந்துக்குறேன். எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான்."

தையல்நாயகி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வெள்ளிக்கிழமை இவர் தனியாக, புதன்கிழமை நான் தனியாக, அப்படியானால் புதன்கிழமை மாமா வீட்டில் இருப்பார், கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவன் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அவனுக்குத் தனியாக இருக்க வாரத்தில் ஒருநாள்தான் மிச்சம்.

"புதனும் வாங்க மாமா" என்றாள். "உள்ள எடம் நெறைய கெடக்கு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பஸ் வந்து நின்றது. பின்பக்கப் படியில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, கீழே நிற்கிறவளை முன்பின் பார்த்தே இராத ஆள் மாதிரி முகத்தை நேரே வைத்துக்கொண்டு போனார்.